கிள்ளானைத் தாண்டி, கடல் வரைக்கும்

காய்ச்சல் விட்ட பிறகும் எனக்கு உடம்பு தேறவில்லை. காலையில் எழுந்து அடுப்பு மூட்டினால் போதும், அன்றைய வேலை முழுவதையும் முடித்துவிட்டவள் போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். கொய்னா மாத்திரை தின்று தின்று காதுக்குள் எந்நேரமும் ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. என் இரண்டு பெண்களும் மாற்றி மாற்றி மடியில் ஏறி இறங்குவார்கள். அவர்களை விலக்கவும் கை வராது, அணைக்கவும் கை வராது.

அப்போது நாங்கள் சிரம்பானுக்குத் தெற்கே ஒரு சிறு ஸ்டேஷனில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே டிக்கெட் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு ஸ்டேஷன், நாலைந்து ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒரு சீனர் கடை, அதற்கப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கித்தா மரம்; ரப்பரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கித்தா விலை விழுந்துபோயிருந்த காலம் அது. தோட்டங்களில் பால் வெட்டை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். டிக்கெட் வாங்க வருகிறவர்களைவிட, சும்மா வந்து பிளாட்பாரத்தில் குந்தி ரயிலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகமாக இருந்தார்கள்.

மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து போதும்மா. இனிமே நல்லா ஓய்வெடுத்தா சரியாப் போயிரும்" என்றார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார்: "ரெண்டு நாள் பிரிக்பீல்ட்ஸ் போயிட்டு வாயேன். உன் சிநேகிதிங்களப் பாத்தா தெளிஞ்சிருவே. ரயில்வே பாஸ்தான் இருக்கே. இங்க அண்ணி பாத்துக்குவாங்க."

அவருடைய அண்ணி ஈப்போவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். சனிக்கிழமை காலையில் போய் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பிவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். அந்த வழியாகப் போகும் ரயில் கார்டு ஒருவர் எங்களுக்குப் பழக்கம். நான் வரும் செய்தியை முன்கூட்டியே சிநேகிதியின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சொல்லிவிடும்படி அவரிடம் சொல்லி அனுப்பினோம்.

சிநேகிதிகள் இரண்டு பேர். கல்யாணம் ஆன புதிதில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேரும் அடுத்தடுத்த வீடு. ஊரிலிருந்து கப்பலேறி வந்து, முகமே சரியாகப் பழகாத புருஷன்மாரோடு குடித்தனம் தொடங்கியவர்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். எங்களில் மூத்தவளை நானும் இளையவளும் அக்கா என்போம். அவள் புருஷனுக்குக் கூட்ஸ் யார்டில் வண்டிகளின் நம்பரை எழுதும் வேலை. இளையவள் பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் ரயில்வேயை விட்டுவிட்டு ஒரு கம்பெனிக் கிடங்கில் கிராணியாகிக் கிள்ளானுக்குக் குடிபோயிருந்தார். எங்களுக்கு மாற்றல் வந்தது அதற்குப் பிறகுதான். அக்கா மட்டும் அதே வீட்டில் இருந்தாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் ஏறினதும் தூங்கிப்போனேன். வழி நெடுக என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை. கார்டு வந்து ஜன்னல் பலகையைத் தட்டி, "கோலாலம்பூர் வந்தாச்சும்மா" என்றபோது வாயோரம் எச்சில் ஒழுகியிருந்தது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். கூம்பும் வளைவுமாக அரண்மனை மாதிரி நிற்கும் அந்த ஸ்டேஷனுக்கு முன்னால், என் துணிமூட்டையோடு, எங்கே உட்காரலாம் என்றுதான் முதலில் தேடினேன்.

பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே போனேன். அப்படி ஒன்றும் தூரமில்லை. முன்பெல்லாம் பேசிக்கொண்டே வந்தால் போனதே தெரியாது. அன்றைக்கு இரண்டு தடவை மரத்தடியில் நின்றேன். ரிக்‌ஷாக்காரச் சீனர் ஒருவர் கூடவே கொஞ்ச தூரம் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஏறவில்லை. வீடு நெருங்கிவிட்டது என்ற தெம்புதான்.

குவார்ட்டர்ஸ் வரிசையைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கொட்டாவிதான் வந்தது. என் பழைய வீட்டு வாசலில் யாருடைய கைலியோ காய்ந்தது. குழாயடியில் புதிதாகச் சிமெண்டு போட்டிருந்தார்கள். அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் அக்கா இல்லை. மூக்குத்தியும் மஞ்சள் கயிறும் இன்னும் புதுசு மாறாத ஒரு சின்னப் பெண்.

"யாரு வேணும்?"

அக்காவைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "கார்டு வந்து நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. யாருக்குச் சொல்றாருன்னே எனக்குத் தெரியல. உள்ள வாங்கக்கா. இதுக்கு முந்தி இருந்தவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அந்த அண்ணனுக்கு வேலை போயிருச்சாம். இப்ப கடை வரிசைக்குப் பின்னாடி இருக்காங்களாம்."

நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரயில்வேயில் ஆள் குறைக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லக் கேட்டிருந்தேன். அந்த ஆட்கள் யாரோ என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அந்தப் பெண் கொப்பி போட்டுக் கொடுத்தாள். குடிக்கும்போது உள்ளே பார்த்தேன். அக்காவின் அடுக்களைக்குள் அவளுடைய பானைகள். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம், அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாதாம். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். அவள் கேட்டவிதம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எழுந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் அங்கேயே படுத்துவிடுவேன் போலிருந்தது.

வண்ணார் துணி காயப்போடும் வெளியைத் தாண்டி, ஒரு கடை வரிசையின் பின்பக்கம் அக்கா குடியிருந்தாள். ஒரே அறை. வெளியே தகரத் தாழ்வாரத்தில் ஆட்டுக்கல் போட்டு மாவாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"யாரு சொன்னா இங்க இருக்கேன்னு?"

"அந்த வீட்டுப் பொண்ணுதான்."

"அங்க வேற போனியா?" என்று தலையைக் குனிந்து மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள். நிமிராமலே, "மெலிஞ்சிட்டியே. என்ன செஞ்சுது உனக்கு?" என்றாள்.

"காய்ச்சல்க்கா."

"உள்ள போய்ப் படு. சோறு ஆனதும் எழுப்புறேன்."

உள்ளே அவள் புருஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வாங்க வாங்க என்று அளவுக்கு மீறி வரவேற்றார். "அவருக்கு வேலை இருக்குல்ல?" என்று என் வீட்டுக்காரரை விசாரித்தார். இருக்கிறது என்றேன். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு, எனக்கு இடம் விடுவதற்காக வெளியே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேரும் அப்பாவோடு போனார்கள். பாயைப் போட்டதுதான் தெரியும். சோற்றுக்கு அக்கா எழுப்பினபோது வெயில் இறங்கியிருந்தது. சாப்பிட்டேன். மறுபடியும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

"இவ்வளவு தூரம் தூங்கத்தான் வந்தியா?" என்றாள் அக்கா. அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

வேலை போனதும், வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், அவர் கோலாலம்பூர் முழுக்க வேலை தேடி அலைந்ததும் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. அரிசி களைந்துகொண்டே ஒன்று, விறகு பிளந்துகொண்டே ஒன்று. இப்போது அக்கா காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறாள். இரண்டு மாதமாக அதில்தான் வீடு நடக்கிறது. இதையெல்லாம் குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் கொஞ்ச நேரம் குழவியைப் பிடித்தேன். நாலு சுற்றில் மூச்சு வாங்கியது. அவள் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அவளோடு நானும் ரோட்டோரத்துக்குப் போனேன். இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு பலகை. யார்டில் இரவு வேலை முடிந்து வருகிறவர்களும், காலை வேலைக்குப் போகிறவர்களும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் அக்கா ஆண்கள் எதிரே தலைநிமிர்ந்து பேசமாட்டாள். இப்போது ஒரு சீக்கியக் காவல்காரரிடம் மலாய் மொழியில் சண்டை பிடித்தாள். ஒரு எஞ்சின் ஃபயர்மேனிடம், "நேத்து நாலு தின்னுட்டு இன்னைக்கு ரெண்டுதான் கேக்குறீங்க, வீட்டுல சமைக்க ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவள் புருஷனோடு வேலை பார்த்தவர்கள். அவர் அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

மாவு தீர்ந்ததும் சட்டியைக் கழுவினாள். "நான் இன்னைக்குக் கிள்ளான் போய் அவளையும் பாத்துட்டு, வந்து ராத்திரி வண்டியப் பிடிக்கணும்" என்றேன். அவள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, "நானும் வரேன். அவளப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். நல்ல சேலை ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது பழைய அக்காவாகத் தெரிந்தாள். கிட்டே போனால் கையில் மட்டும் புகை வாசனை.

கிள்ளான் வண்டியிலும் நான் தூங்கினேன். இந்த முறை அவளும் தூங்கினாள். பெட்டாலிங் ஸ்டேஷனில் ஒரு மூட்டை என் காலில் இடித்தது நினைவிருக்கிறது. அடுத்தபடியாக நினைவில் இருப்பது கிள்ளான் பிளாட்பாரம்தான்.

இளையவளின் வீடு பெரியது. பலகை வீடு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது, முன்னால் படிக்கட்டு. உள்ளே மேஜை, நாற்காலி, கண்ணாடி வைத்த அலமாரி, தையல் மிஷின். எங்களைக் கண்டதும் படியில் ஓடி இறங்கி வந்தாள். பாதியில் என்ன நினைத்தாளோ, நின்று, திரும்பிப் பார்த்து, "அண்ணி, பிரிக்பீல்ட்ஸ் அக்காங்க வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அவளுடைய புருஷன் காப்பார் பக்கம் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவருடைய தமக்கை, விதவை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோழி அடித்துக் குழம்பு வைத்தார். இலையில் எங்களுக்கு மேலும் மேலும் போட்டார். என் காய்ச்சலுக்குக் கஷாயம் சொன்னார். அக்காவின் புருஷனுக்கு வேலை போனதைக் கேட்டு உச்சுக்கொட்டினார். ஆனால் ஒரு நிமிஷம்கூட எழுந்து போகவில்லை. நாங்கள் என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொன்னார்.

"நல்லாயிருக்கியா?" என்று அக்கா இளையவளைக் கேட்டாள்.

"அவளுக்கு என்ன குறை?" என்றார் அவர்.

இளையவள் புன்னகை செய்தாள். முன்பு குழாயடியில் வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள்தான். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றியும் அந்த அம்மாள்தான் எங்களிடம் சொன்னார், அவள் பக்கத்தில் இருக்கும்போதே.

சாப்பிட்டதும் எனக்குக் கண் செருகியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கியது. அக்கா என் தொடையில் கிள்ளி எழுப்பினாள். "நேரமாச்சு, கிளம்புறோம்" என்று சொன்னோம். "ஸ்டேஷன் வரைக்கும் போய் ஏத்திவிட்டுட்டு வரேன் அண்ணி" என்றாள் இளையவள். அவர் சம்மதித்தார்.

தெருத் திரும்பியதும் இளையவள் எங்கள் இருவர் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷனுக்குப் போனால், கோலாலம்பூர் வண்டி வர நேரம் இருந்தது. போர்ட்டுக்குப் போகும் வண்டி அப்போதுதான் வந்து நின்றது.

"சின்னக்கா, இதுல ஏறுவோமா?" என்றாள் என்னிடம்.

"இது போர்ட்டுக்குப் போற வண்டி."

"தெரியும். நாலு வருஷமா கிள்ளான்ல இருக்கேன். கடலுக்குப் பக்கத்துலதான் இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. இங்க குடிவந்தப்புறம் ஒரு தடவ கண்ணால பாத்ததில்ல. போயிட்டு இதே வண்டியில திரும்பிருவோம். வண்டி லேட்டுன்னு சொல்லிக்கலாம்."

நான் மறுத்திருப்பேன். பிளாட்பாரப் பெஞ்சில் படுத்துக்கொள்ள முடியுமா என்றுதான் என் புத்தி போய்க்கொண்டிருந்தது. அக்கா அதற்குள் பெட்டியில் ஏறி எனக்குக் கை நீட்டிவிட்டாள்.

போர்ட் சுவெட்டன்ஹாம் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த இடம்தான். வெவ்வேறு கப்பலில் வந்தாலும் மூன்று பேரும் அங்கேதான் கரை இறங்கினோம். தெரிந்த இடம் என்று சொன்னேனே தவிர, மூன்று பேருக்குமே அங்கே எதுவும் அடையாளம் தெரியவில்லை. நான் வந்து இறங்கினபோது கப்பல் மயக்கம் தீராமல், தலைகுனிந்து என் கால் விரலைப் பார்த்தபடிதான் நடந்தேன்.

இறங்கி, கிடங்குகளுக்கு நடுவே நடந்தோம். கருவாடும் கித்தாவும் கலந்த நாற்றம். தண்டவாளத்தைத் தாண்டினோம். மரப்பலகை பாவிய துறை வந்தது. அதற்குக் கீழே கலங்கிய தண்ணீர், ஓரமெல்லாம் சேறு, எதிரே அடர்ந்த காட்டுத் தீவு. இளையவள் அங்கே நின்ற ஒரு மூட்டைக்காரரிடம், "அண்ணே, கடல் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதாம்மா கடல்" என்றார்.

"இதுவா?" என்றாள். "இது ஆறு மாதிரில்ல இருக்கு! இதப் பாக்கவா நாலு வருஷம் ஏங்கினேன்?"

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு மூன்று பேருக்கும் அடக்க முடியவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். மூட்டைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டு நாளில் எனக்கு உடம்பின் நினைவு இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

சிரித்து ஓய்ந்து திரும்பியபோதுதான் பார்த்தோம். கிடங்கின் அந்தப் பக்கம், தகரக் கூரை நிழலிலும் அதற்கு வெளியே வெயிலிலும் ஒரே ஜனம். தோட்டத்து ஆட்கள். மூட்டை, தகரப் பெட்டி, சுருட்டிய பாய், பானை. பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் கப்பல் நின்றது. வேலை இல்லாமல் நின்ற ஆட்களைச் சர்க்கார் செலவிலேயே ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவு ஜனம் இருந்தும் சத்தமே இல்லை. ஒரு கைக்குழந்தை அழுததும், யாரோ இருமியதும் தனித்தனியாகக் கேட்டன.

அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் பேர் குடுத்துட்டாரு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"இதுக்குத்தான்." முகவாயால் கப்பலைக் காட்டினாள். "எல்லார் பேரையும் குடுத்துட்டாரு. அவரு, நானு, பிள்ளைங்க மூணு பேரு. அடுத்த மாசமோ, அதுக்கு அடுத்த மாசமோ கூப்பிடுவாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"என்ன யாரு கேட்டா?"

நேற்று மத்தியானத்திலிருந்து அவள் கூடவே இருக்கிறேன். அவள் தோளில் சாய்ந்துகொண்டு ரயிலில் வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விழித்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தேன்.

இளையவள் மெல்லச் சொன்னாள்: "குடுத்து வச்சவங்க பெரியக்கா நீங்க."

அக்கா திரும்பினாள். "என்ன சொன்னே?"

"ஊருக்குப் போகப் போறீங்க. அம்மாவப் பாப்பீங்க. உங்க சனத்தோட இருப்பீங்க."

"போய் என்ன செய்வேன்? எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டுல ஒதுங்கி, அவரு பொண்டாட்டி எடுத்து வைக்கிற சோத்த வாங்கித் தின்னுக்கிட்டுக் கெடக்கணும். அந்தப் பொம்பள முகத்தப் பாத்துப் பாத்து என் பிள்ளைங்க சாப்பிடணும். இங்க காலையில என் சட்டிக்கு முன்னாடி ஆளு நிக்குது. எனக்கு யாரும் சோறு போடல, நான்தான் நாலு பேருக்குப் போடுறேன். இத விட்டுட்டு எங்க போறது?"

"அப்ப என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் இளையவள். குரல் உடைந்துவிட்டது. "உங்க பேருக்குப் பதிலா என் பேர எழுதிக்கச் சொல்லுங்க. நான் போறேன்."

"பைத்தியமா உனக்கு? அவ்வளவு பெரிய வீடு, மேஜை, நாக்காலி, தையல் மிஷினு..."

"தையல் மிஷினா எங்கூடப் பேசுது? நாள் முச்சூடும் ஒரு வார்த்த பேச எனக்கு ஆள் இல்லக்கா. வாயத் தொறந்தா அண்ணி பேசிடுறாங்க. அவரு வந்தா அவங்ககிட்டதான் பேசுறாரு. எங்கம்மா படுக்கையில கெடக்குறாங்களாம். போகட்டுமான்னு கேட்டேன். கேட்டதுக்கு அவரு பதிலே சொல்லல."

"அதுக்காக? நாங்க வேல போயி நிக்கிறோம், நீ விளையாட்டா..."

"நான் விளையாடலக்கா!"

இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். கூரை நிழலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் என் முகத்தைப் பார்த்தது, நான் சொல்லத்தான். ஒருத்தியைப் போகாதே என்றும், மற்றவளைப் பொறுத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கலாம். மாற்றியும் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன். எனக்குத் தல சுத்துது" என்பதுதான்.

பொய்யில்லை. வெயில் உச்சந்தலையில் இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பெட்டிக்குச் சொந்தக்காரி, என் வயதுதான் இருக்கும், மடியில் பிள்ளையோடு நகர்ந்து இடம் விட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

"எந்தத் தோட்டம்?" என்று என்னைக் கேட்டாள்.

"தோட்டம் இல்ல. ரயில்வே."

"ரயில்வேக்காரங்களும் போறீங்களா? நாங்க பந்திங் பக்கம். உங்களுக்கு எந்த ஊருக்குப் போகணும்?"

"நாங்க போகல. சும்மா... கடலப் பாக்க வந்தோம்."

அவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். அக்காவின் நல்ல சேலை, இளையவளின் வளையல்கள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். "பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துப் பிள்ளைக்கு விசிறினாள்.

இருவரும் இரண்டு பக்கமும் என்னைத் தாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிவந்தார்கள். வண்டியில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். கிள்ளானில் இளையவள் இறங்கினாள். ஜன்னல் பக்கம் வந்து அக்காவின் கையைப் பிடித்து, "நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவினாள். பிளாட்பாரத்தின் கடைசியில் அவளுடைய அண்ணி குடையோடு நிற்பதைப் பார்த்தோம். இளையவளும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.

கோலாலம்பூரில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. அக்கா என்னை ஏற்றிவிட்டு, மூட்டையைத் தலைமாட்டுக்கு வைத்தாள்.

"என்னக்கா செய்யப் போறே?"

"இப்பவா? போய் அரிசி ஊறப் போடணும்" என்றாள். வண்டி நகரும்வரை நின்றாள்.

வீட்டுக்குப் போனபோது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். "எப்படி இருந்துச்சு? தெளிஞ்சியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நல்லா இருந்தது என்றேன். அவருடைய அண்ணி சோறு போட்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும் குளிர ஆரம்பித்தது. மறுபடியும் காய்ச்சல். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது, அவர்களில் ஒருத்திக்காவது ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இருந்தது. என்ன வார்த்தை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அக்கா போகவில்லை. கூப்பிட்ட அன்றைக்கு அவள் புருஷனும் மூத்த பையனும் மட்டும் கப்பலேறினார்கள். பின்னாலேயே வருகிறேன் என்று அவள் சொன்னாளாம். சண்டை போட்டாளா, அழுதாளா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கார்டு வந்து சொன்னதுதான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே அறையில் இருந்தாள். கித்தா விலை கொஞ்சம் ஏறி, ஆள் எடுக்க ஆரம்பித்த பிறகு அவர் திரும்பி வந்தார். யார்டில் பழைய வேலை கிடைக்கவில்லை. ரோட்டு வேலையில் சேர்ந்தார். வேலைக்குப் போகும்போது அவள் சட்டியடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று கேள்விப்பட்டேன்.

இளையவளின் அம்மா அந்த வருஷமே இறந்துபோனார். பிறகு ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவளை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கொஞ்சம் பருத்திருந்தாள். பக்கத்தில் அண்ணி. கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். கிட்டே போகலாம் என்று எழப் போனேன். அதற்குள் என் சின்னவள் தூக்கத்தில் மடியை நனைத்துவிட்டாள். அவளுக்கு உடை மாற்றிவிட்டு வந்து பார்த்தபோது, கிள்ளான் வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.